பேராலய மேல்தட்டுக்கு ஆள் ஏத்திற அலுவல்

கீழ நிண்டுகொண்டு மேல போறவைக்கு நேரம் குடுக்கிற உத்தியோகத்தில முதல் போறது தொண்டைதான். ரெலிபோனை எடுத்து "ஓம், சொல்லுங்கோ" எண்டு சொல்லியே சீவிக்கிற ஆக்களுக்கு இது விளங்கும். டொக்டர் வீட்டில நம்பர் குடுக்கிற பிள்ளையள், பஸ் ஸ்ராண்டில நேரம் சொல்லுற ஐயாமார், கல்யாண மண்டபத்துக்கு நாள் பதியிறவை, உங்கள் எல்லாரையும் நினைச்சுத்தான் இதை எழுதுறன். எங்கட வேதனை மற்றவைக்கு எங்க தெரியப்போகுது.

என்ர பேர் பிலோமினா. மன்னார்த் தீவில எங்கட பேராலயத்தின்ர பங்குக் கந்தோரில இருக்கிறன். ஞானஸ்நானத் துண்டு எழுதுறது, பூசைக் கருத்துப் பதியிறது எண்டு நிம்மதியா இருந்தனான். எங்கட கோயில் சரியான பழசு. முன் மண்டபத்துக்கு மேல, மணிக்கூண்டுக்குக் கீழ ஒரு மேல்தட்டு கிடக்கு. கன காலம் பூட்டிக் கிடந்தது. திருத்த வேலை முடிஞ்ச கையோட பாதர் வந்து, "சனம் ஏறிப் பாக்கட்டும் பிலோமினா, நீர் ஒழுங்குபடுத்தும்" எண்டு திறப்பை மேசையில வைச்சிட்டுப் போட்டார்.

ஒழுங்கு எண்டால் இதுதான். முதலே போன் எடுத்துக் கேக்கோணும். படி ஒடுக்கம், வளைஞ்சு வளைஞ்சு போகும், அதால கொஞ்சம் கொஞ்சப் பேராத்தான் விடுவம். பூசை நேரம் ஏறேலாது. மணி அடிக்கிற நேரம் ஏறேலாது. தென்மேற்கால வாற சோளகக் காத்து இறுக்கினால் ஏறேலாது. திருவிழாவண்டு ஏறவே ஏலாது, ஏனெண்டால் அண்டைக்கு ஒருத்தரை விட்டால் ஊரே ஏறும். இவ்வளவையும் நான் ஒரு மூச்சில சொல்லி முடிப்பன். அங்கால இருந்து ஆறுதலா ஒரு குரல் கேக்கும்: "அப்ப அக்கா, நாங்கள் திருவிழாவண்டே வரட்டோ?"

இந்தியா தெரியுமோ

எல்லாருக்கும் முதல் கேள்வி இதுதான். தெரியாது எண்டு சொல்லுவன். தலைமன்னார்க் கரையில, வானம் துப்பரவா இருந்தால், அங்கத்தை வெளிச்சம் தெரியும் எண்டு கடலுக்குப் போறவை சொல்லுவினம். ரவுணில எங்கட மேல்தட்டில இருந்து தெரியாது. ஆனால் ஏறினவுடன எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஒரு ஐயா மேகத்தைக் காட்டி, அந்தா ராமேஸ்வரக் கோபுரம் எண்டார். இந்தியாவில அகதி முகாமில கன வருசம் இருந்திட்டு வந்தவள் நான், எனக்கே கோபுரம் காட்டினார்.

ஒருநாள் ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், மகள். முகாமில இருந்து திரும்பி வந்து கொஞ்சக் காலம்தான். மகள் அங்கயே பிறந்து அங்கயே படிச்ச பிள்ளை, பேச்சும் அந்த ஊர்ப் பேச்சு. மேல போனவுடன தாயும் தகப்பனும் தங்கட பழைய வீட்டு வளவைப் பனையளுக்குள்ள தேடத் தொடங்கிச்சினம். அதுவோ இதுவோ எண்டு ரெண்டு பேருக்கும் சண்டை. ரெண்டு பக்கமும் கடல். நடுவில பனை, கோட்டை, உப்பளம், தரைக்குப் போற பாலம். தீவு தீவு எண்டு வாயால சொல்லுறம், தீவு எண்டால் என்ன எண்டு அங்க நிண்டாத்தான் விளங்கும். எனக்கு ஒவ்வொரு தரமும் நெஞ்சு ஒருக்கா நிண்டுதான் திரும்ப அடிக்கும்.

அந்தப் பிள்ளை மட்டும் பனையளைப் பாக்கேல்லை. வடமேற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு கடலைப் பாத்தபடி நிண்டது. நேரம் முடிஞ்சுது, இறங்குவம் பிள்ளை எண்டு நான் கூப்பிட்டன். அது திரும்பி என்ர முகத்தைப் பாத்துக் கேட்டது: "ஆன்ட்டி, நாங்க அங்க கடற்கரையில நின்னு எப்பவும் இந்தப் பக்கம்தான் பாத்துக்கிட்டு இருப்போம். எங்களைப் பாத்துக்கிட்டு இங்க யாராச்சும் நின்னாங்களா?"

பூட்டும் திறப்பும்

சந்தியாப்பிள்ளை அண்ணையைத் தெரியாத ஆள் எங்கட பங்கில இல்லை. கடல் தொழில் செய்த மனுசன். திருவிழாவண்டு மாதாவின்ர சுரூபத்தை ஒரு பெரிய மரக் கூட்டில வைச்சு, பூவால சோடிச்சுத் தோளில தூக்கித் தெருவைச் சுத்தி வருவினம். அந்தக் கூட்டின்ர முன் வலப்பக்கத் தோள் அவருக்குத்தான். குரல் குடுக்கிறதும் அவர்தான். "தோள்" எண்டால் கூடு எழும்பும். "தாழ்" எண்டால் அவ்வளவு பேரின்ர முழங்காலும் ஒண்டா மடங்கும். "வலம் நில்லு, இடம் நட" எண்டால் கூடு வளைவில திரும்பும். இடையில மற்றவை ஆள் மாறுவினம். இவர் ஒருநாளும் மாறினதில்லை, அதில அவருக்குச் சரியான பெருமை.

அண்ணைக்குச் சீனி வருத்தம் காலில பிடிச்சிட்டுது. முதல் விரலை எடுத்தினம். புண் மேல ஏறிச்சுது. இனி முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் ஆள் தப்பும் எண்டு ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டினம். திருவிழா முடிஞ்ச மற்ற நாள் வந்து படுக்கோணும், அதுக்கு மேல ஒரு நாளும் தரமாட்டன் எண்டிட்டார் டொக்டர். இந்த நிலையில மனுசன் ஓட்டோவில வந்து இறங்கி, காலை நிலத்தில முட்டாமல், மனிசி திரேசம்மா அக்காவின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு வந்து என்ர மேசைக்கு முன்னால இருந்தார்.

சுகம் கேக்க என்னை விடேல்லை. மேல்தட்டில ஏறோணுமாம். அதுவும் திருவிழாவண்டு, கூடு சுத்தி வாற நேரம். "இவ்வளவு காலமும் மாதாவுக்குக் கீழதானே நிண்டனான். அவ கோயிலுக்குள்ள நிக்கிறதைப் பாத்திருக்கிறன். தெருவில போறதை ஒருநாளும் பாத்ததில்லை. குனிஞ்ச தலை, முன்னால தெரு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். காலை எடுத்தாப்பிறகு நான் எந்தப் படியில ஏறப்போறன்?" எண்டார். என்ர வாய் பழக்கத்தில சட்டத்தைச் சொல்லிச்சுது: அண்ணை, திருவிழாவண்டு மேல்தட்டு பூட்டு. மனுசன் சிரிச்சார். "பூட்டு எண்டு எனக்கும் தெரியும் பிலோ. பூட்டிறது நீ, திறப்பும் உன்னட்டத்தானே கிடக்கு."

கமக்காரர்

அந்தக் கிழமைதான் பெரியமடுவில இருந்து கமக்காரர் கொஞ்சப் பேர் வந்தவை. அறுவடை முடிஞ்ச ஆறுதலில ஒரு லொறி பிடிச்சு, குடும்பத்தோட. அதில கனபேர் கடலை மேல நிண்டு பாத்ததே இல்லை. ஏறும்வரைக்கும் ஒரே சத்தம். மேல போனவுடன ஒரு சத்தமும் இல்லை. கீழ நிண்ட எனக்குப் பயம் பிடிச்சு, என்ன நடந்துது எண்டு மூச்சு வாங்க ஓடி ஏறிப் பாத்தால், எல்லாரும் வரிசையா நிண்டு தண்ணியைப் பாக்கினம். சொன்ன நேரம் எப்பவோ முடிஞ்சுது. ஒரு ஐயா மட்டும் தலைத்துண்டை அவிட்டுக் கையில வைச்சுக்கொண்டு, எனக்குச் சொன்னாரோ தனக்குச் சொன்னாரோ தெரியாது: "இவ்வளவு தண்ணியையும் உண்டாக்கி வைச்சிட்டு, ஒரு போகம் விதைக்க ஏலாமலும் விட்டிருக்கிறான் பார், அவன் பெரிய ஆள்தான்."

மறிச்சுக்கட்டி வான்

மறிச்சுக்கட்டிப் பக்கத்தில இருந்து ஒரு ஹாஜியார் போன் எடுத்தார். ரவுணில கல்யாண வீடாம், பேரப்பிள்ளையளோட வான் பிடிச்சு வருகினமாம், பின்னேரம் மேல ஏறலாமோ எண்டு. நேரம் பேசினம் பாருங்கோ, மீன் சந்தை தோத்துப் போகும். அசர் தொழாமல் வரமாட்டன் எண்டார். பின்னேரப் பூசை முடியாமல் விடமாட்டன் எண்டன். பொழுதுபட மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளிவாசலில நிக்கோணும் எண்டார். பின்னேரத் திரிகாலச் செப மணி அடிக்க முதல் நீங்கள் இறங்கோணும், மணி தலைக்கு மேலதான் தொங்குது, காது போயிடும் எண்டன். அவர் கொஞ்சம் விட்டுக்குடுக்க, நான் கொஞ்சம் விட்டுக்குடுக்க, பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவில ஒரு சின்ன இடைவெளியைக் கண்டுபிடிச்சம்.

வந்தினம். பிள்ளையள் கீழ ரோட்டில நிண்ட கழுதையளைத்தான் பாத்துக்கொண்டிருந்தினம். ஹாஜியார் தெற்குப் பக்கம் போய் நிண்டார். கடலுக்கு அங்கால அரிப்பு எண்ட ஊரின்ர கரை ஒரு கோடு மாதிரித் தெரிஞ்சுது. இடம்பெயர்ந்து புத்தளத்தில கன வருசம் இருந்திட்டுத் திரும்பி வந்தவராம். பேரனைத் தூக்கி வைச்சு, அந்தக் கோட்டுக்கு இன்னும் அங்கால நம்மட ஊர் எண்டு காட்டினார். பேரனுக்கு ஒண்டும் தெரியேல்லை. எனக்கும் தெரியேல்லை. அவருக்குத் தெரிஞ்சுது, முகத்தைப் பாக்க விளங்கிச்சுது.

நான் முதல் இறங்கிக் கீழ நிண்டு கத்தினது ஒருத்தருக்கும் கேக்கேல்லை. மணி அடிச்சிட்டுது. பிள்ளையள் காதைப் பொத்திக்கொண்டு கீச்சிட்டுக்கொண்டு ஓடி வந்ததுகள். பெரியவர் கடைசியா, ஆறுதலா இறங்கி வந்தார். நான் மன்னிப்புக் கேக்க வாயெடுக்க, கையைக் காட்டி நிப்பாட்டினார். "எங்கட பள்ளி மினாராவுல ஏறி ஒருக்கா ஊரைப் பாக்கணும்னு எத்தனையோ வருஷமாக் கேக்கிறேன் மிஸ், விடுறாங்க இல்ல. நீங்க ஒரு போன்லயே ஏத்திட்டீங்க."

கழுதை போட்ட நெற்

சோளகம் தொடங்கின பிறகும் படம் பிடிக்கிற தம்பிமார் விடமாட்டினம். ஒரு கல்யாணப் பொம்பிளை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருத்தர் வந்தார். காத்தடா தம்பி எண்டன். காத்துத்தான் வேணும் அக்கா, நெற் பறந்தாத்தான் படம் வடிவா வரும் எண்டார். பொம்பிளையின்ர தலையில போடுற வெள்ளை நெற்றைத்தான் சொல்லுறார். பாதரும் வெளியில போயிருந்தார். சரி, கெதியா எடுத்திட்டு இறங்குங்கோ எண்டு விட்டன்.

நெற் பறந்துது. ஊசியோட, கிளிப்போட, முழுசாப் பறந்துது. கோயில் வளவைத் தாண்டி, கேற்றடியில நிண்ட கழுதை ஒண்டின்ர தலையில போய் இறங்கிச்சுது. மன்னார்க் கழுதையளுக்கு ரோட்டு தங்கட சொத்து, அது கண்ணை மூடிக்கொண்டு அப்பிடியே நிண்டது. மாப்பிள்ளை மேல்தட்டில நிலத்தோட இருந்திட்டார், சுவரை விட்ட கை இல்லை. பொம்பிளைப் பிள்ளை முதல் அலறி, பிறகு வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சு, பிறகு கடலைக் கண்டிட்டுது. சோளகத்தில கடல் முழுக்க வெள்ளை வெள்ளையா நுரைச்சுக் கிடந்தது. காத்து அள்ளிக்கொண்டு போகப் பாக்குது, பிள்ளை தலைமயிர் கலைஞ்சு முகத்தில அடிக்க, அசையாமல் நிண்டு பாத்தது. நான் கையில பிடிச்சு இழுத்துத்தான் கொண்டுவந்தன். படம் பிடிக்கிறவர் கீழ இறங்கி வந்து கமராவைப் பாத்திட்டுச் சொன்னார்: "படம் குறை இல்லை அக்கா, கழுதை நல்லா நிண்டிருக்கு, மாப்பிள்ளைதான் நிக்கேல்லை."

நாலு பேர் தூக்கிறது

கதை பாதரின்ர காதுக்குப் போட்டுது. கழுதையின்ர படம் ஊர் முழுக்க எல்லாற்ற போனிலயும் வந்தால் போகாமல் இருக்குமோ. இண்டைக்கு நெற் பறந்துது, நாளைக்கு ஆள் பறக்கும், சோளகம் முடியுமட்டும் ஒருத்தரும் மேல இல்லை எண்டு சொல்லிப்போட்டார். எங்கட திருவிழா சோளகத்துக்கு நடுவிலதான் வாறது. சந்தியாப்பிள்ளை அண்ணைக்கு இருந்த அந்த ஒரு நாளும் போட்டுது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. படக்காரரில, காத்தில, என்னில, எல்லாத்திலயும் ஆத்திரம். பாதரிட்டப் போய்க் கேட்டன், இல்லை எண்டார். திரும்பக் கேட்டன், இல்லை எண்டார். மூண்டாந்தரம் திறப்பை அவற்ற மேசையில வைச்சு, அப்ப இதை நீங்களே வைச்சிருங்கோ பாதர், அவர் வந்து கேட்டால் நீங்களே இல்லை எண்டு சொல்லுங்கோ, எனக்கு வாய் வராது எண்டன். பாதர் திறப்பை என்ர பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: அண்டைக்குக் காலமை காத்து அடங்கியிருக்கோணும், அவற்ற கால் ஒரு படியிலயும் படக்கூடாது. ரெண்டும் சரிவந்தால் ஓம்.

இந்த வருசம் அண்ணையின்ர தோளுக்குப் பதிலா வாறது மீன் வியாபாரம் செய்யிற மரியதாஸ். அவரும் மற்றக் கூடு தூக்கிறவையும் சேர்ந்து, கதிரையில இருத்தித் தாங்கள் தூக்கி ஏத்துறம் எண்டிச்சினம். எல்லாருமா அண்ணையின்ர வீட்டுக்குப் போனம். கேட்டவுடன மனுசனுக்கு முகம் கறுத்துப் போட்டுது. நாலு பேர் தன்னைத் தூக்கிறது ஒருக்காத்தான், அதுக்கு இன்னும் காலம் கிடக்கு, உயிரோட தூக்க விடமாட்டன் எண்டு சுவர்ப் பக்கம் திரும்பிட்டார். திரேசம்மா அக்கா ஆக்களுக்கு முன்னால வாய் திறக்காத மனிசி. தேத்தண்ணித் தட்டத்தை வைச்சிட்டு நிமிர்ந்து சொன்னா: "மாதாவையும் உயிரோட இருக்கிறா எண்டு நம்பித்தானே இவ்வளவு காலமும் தூக்கினீங்கள், அவ வெக்கப்பட்டவவோ?"

கதிரைப் பவனி

திருவிழாவண்டு விடிய எழும்பி முதல் பாத்தது பனை ஓலையைத்தான். லேசா ஆடிச்சுது, அவ்வளவுதான். கோயிலடிக்கு ஓடினன். பாதர் கொடிமரத்தடியில நிண்டு கொடியைப் பாத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டிட்டு ஓம் எண்டு தலையை ஆட்டினார். நான் அந்த இடத்திலயே சிலுவை போட்டன்.

படியின்ர ஒடுக்கத்துக்கு அடங்கின கதிரை முழுக் கோயிலிலயும் ஒண்டே ஒண்டுதான், ஆர்மோனியம் வாசிக்கிறவற்ற கைபிடி இல்லாத கதிரை. அண்டைக்குப் பாடல்பூசை முழுக்க அந்த மனுசன் நிண்டுகொண்டு வாசிச்சார். உள்ள பூசையில நற்கருணை குடுக்கிற நேரம் கூடு தூக்கிறவை பக்கத்து வாசலால வெளிய வந்து, அண்ணையை அதில இருத்தி, சால்வையால கட்டிச்சினம். பிறகு, நான் சொன்னால் நம்பமாட்டியள், எல்லாரும் செருப்பைக் கழட்டி, சிலுவை போட்டு, கதிரையைத் தொட்டு முத்தம் குடுத்திட்டுத்தான் தூக்கிச்சினம். பழக்க தோசம். படியில கால் வைச்சவுடன ஒருத்தர் "புனித மரியாயே" எண்டு தொடங்க, மற்றவை "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" எண்டிச்சினம். டேய், நான் இன்னும் சாகேல்லை, மன்றாட்டுமாலையை நிப்பாட்டுங்கோ எண்டு கதிரை கத்திச்சுது. நிப்பாட்டிச்சினம். நிப்பாட்டினவுடன கால் பிசகிக் கதிரை சரிஞ்சுது. மன்றாட்டு இல்லாமல் அவைக்கு ஒண்டா நடக்கத் தெரியாது. திரும்பத் தொடங்குங்கோ எண்டு அவரே சொல்ல வேண்டிப் போச்சு.

முதல் வளைவில மாட்டுப்பட்டுது. முன்னால நிண்டவைக்குப் பின்னால தெரியாது, பின்னால நிண்டவைக்கு முன்னால தெரியாது. மரியதாசுக்குக் குரல் வரேல்லை. கட்டுப் போட்ட கால் சுவரில முட்ட ஒரு விரல் இடைவெளிதான். அப்ப அண்ணை கதிரையில இருந்தபடியே, "வலம் நில்லு, இடம் நட" எண்டார். கதிரை பூப்போலத் திரும்பிச்சுது. அதுக்குப் பிறகு தூக்கப்பட்டவர்தான் குரல் குடுத்தார். நடுவில ஒரு சின்னத் தட்டு வரும், மூச்சு வாங்க அதில வைக்கலாம். வைக்கமாட்டினமாம். தூக்கினதைச் சேருமிடம் சேர முதல் நிலத்தில வைக்கிற வழக்கம் அவைக்கு இல்லை. வேர்வை ஊத்துது, ஆனாலும் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். சந்தியாப்பிள்ளை அண்ணை அவையின்ர முகங்களைப் பாத்தார், குரல் தணிஞ்சு போட்டுது. "கூட்டைத்தான் மக்காள் இடையில வைக்கக் கூடாது, நான் வெறும் சந்தியாப்பிள்ளை, என்னை வையுங்கோ."

மேல இருந்து வந்த குரல்

மேல கொண்டுபோய் வைச்சிட்டு, மாதாவைத் தூக்க அவை ஓடி இறங்கிட்டினம். நான், திரேசம்மா அக்கா, அண்ணை, மூண்டு பேர்தான். காலுக்குக் கீழ முழந்தாளிடுற மெத்தை ஒண்டை வைச்சுவிட்டன். மனுசன் கடலைப் பாக்கேல்லை. அது அவர் பாத்த கடல். கீழ வாசலையே பாத்துக்கொண்டிருந்தார்.

மணி அடிச்சுது, காதைப் பொத்திக்கொண்டம். வெடி கொளுத்திச்சினம். பாண்ட் தொடங்கிச்சுது. எங்கட காலுக்குக் கீழ இருந்து மாதா வெளிய வந்தா. முதல் முடி தெரிஞ்சுது, பிறகு பூ, பிறகு நீலச் சால்வை. கூட்டுக்கு முன்னாலயும் பின்னாலயும் சனம், வெள்ளை முக்காடு, குடை, நிமித்திப் பிடிச்ச கொடியள். கூடு ரோட்டுக்குத் திரும்ப, அவ்வளவு சனமும் ஒண்டா, சூடை மீன் கூட்டம் திரும்பிற மாதிரித் திரும்பிச்சுது. திரேசம்மா அக்கா செபமாலையை உருட்டுறதை விட்டிட்டா.

இந்த வருசம் கேற்றடி வளைவில இளைஞர் மன்றப் பொடியள் மின்சாரக் குமிழ் மாலையைக் கொஞ்சம் தாழக் கட்டிப்போட்டினம். மேல நிண்ட எனக்குத் தெரியுது, மாதாவின்ர முடி நேரா அந்தக் கம்பிக்குத்தான் போகுது. கீழ நிக்கிறவைக்குத் தெரியாது, எல்லாருக்கும் குனிஞ்ச தலை. நாள் முழுக்கக் கத்திற எனக்கு அந்த நேரம் பாத்து வாய் திறக்கேல்லை. எனக்குப் பக்கத்தில இருந்து "தாழ்" எண்டு ஒரு குரல் போச்சுது. கடலில வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்ட குரல். இருந்த கொஞ்சக் காத்தும் பின்னால இருந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கேற்றடியில போட்டுது. ஒருத்தரும் அண்ணாந்து பாக்கேல்லை, ஆர் சொன்னது எண்டு கேக்கேல்லை, அவ்வளவு முழங்காலும் ஒண்டா மடங்கிச்சுது. மாதா தலை குனிஞ்சு கம்பிக்குக் கீழால போனா. "தோள்" எண்டார். நிமிர்ந்தா. சனத்துக்குள்ள ஒரு மனிசி குரல் வந்த வானத்தைப் பாத்து ரோட்டிலயே முழந்தாளிட்டிட்டா.

கூடு கடலோரத் தெருவால போச்சுது. ரெண்டு பக்கமும் சனம் அவவுக்காக விலத்துது, குழந்தையளைத் தூக்கிக் காட்டுது, கழுதை கூட ஒதுங்கி நிண்டது. அவ்வளவு பெரிய கூட்டில மாதா, தூரத்தில நடக்கிற ஒரு சின்னப் பொம்பிளைப் பிள்ளை மாதிரி, ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தா. அண்ணையின்ர கன்னத்தில கண்ணீர் ஓடினது, துடைக்கேல்லை. நானும் அழுதன், சொன்னால் என்ன. கன நேரத்துக்குப் பிறகு, அவவை விட்டுக் கண்ணை எடுக்காமல், வலப்பக்கத் தோளைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பிலோ, இதையோ நான் இவ்வளவு காலமும் இந்தத் தோளில வைச்சுக்கொண்டு திரிஞ்சனான்?"

வாற வருசம்

மற்ற நாள் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். காலை எடுத்தினம். நான் பாக்கப் போனபோது திரேசம்மா அக்கா மட்டும் கதைச்சா, அவர் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தார். கொண்டுபோன தோடம்பழத்தை வைச்சிட்டு வந்திட்டன். வழி முழுக்க, ஏத்தினது பிழையோ, ஆசையைக் காட்டிப்போட்டு விட்டிட்டமோ எண்டு மனசுக்குள்ள ஒரே அரிப்பு.

சோளகம் முடிஞ்சு, மேல்தட்டைத் திரும்பத் திறந்த அண்டைக்கு முதல் போன் வந்தது. வழக்கம்போல ஒரு மூச்சில சட்டத்தைச் சொல்லத் தொடங்கினன். பூசை நேரம் ஏறேலாது, மணி அடிக்கிற நேரம் ஏறேலாது, திருவிழாவண்டு ஏறவே ஏலாது. அங்கால இருந்தவர் குறுக்க விழாமல் முழுக்கக் கேட்டார். நான் முடிக்க, ஒரு சிரிப்புக் கேட்டுது. "வாற திருவிழாவுக்கு எனக்கு ஒரு இடம் வைச்சுவிடு பிலோ, இப்ப ஒரு காலின்ர பாரம் குறைவு எண்டு தூக்கிறவையிட்டயும் சொல்லு."

நேரம் குடுக்கிறதுதான் என்ர உத்தியோகம் எண்டாலும், மேல போனவை ஒருத்தரும் குடுத்த நேரத்துக்கு இறங்கி வந்ததா இண்டைவரைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை.